குசினிக் கதவு

கொழும்புத்துறைக் கடலோரம் பன்னிரண்டு பரப்பு.
அத்திவாரம் வெட்டமுதல் மரியநேசன் காட்டினது
வரைபடம் இல்லை,
கட்டக் கொப்பியில் கிழித்த ஓர் ஒற்றை.
பிளாஸ்ரிக் உறைக்குள்ளும் மஞ்சள் பிடித்திருந்தது.

ஒரு கட்டம் ஓர் அடியாம்.
பென்சிலில் ஐந்து யன்னல், ஐந்தும் கிழக்கே.
மாடியில் ஓர் அறை, அதற்குள்
'புத்தகம் மட்டும்' என்று குண்டு எழுத்து.

முப்பத்திரண்டு வருசம் மேசன் வேலை எனக்கு.
பார்த்த கையோடு சொன்னேன்:
"அண்ணை, குசினிக்கு வெளிவாசல் இல்லை.
மீன் கழுவின தண்ணியை எங்கால ஊத்துறது?"
"கீறினபடி கட்டும்," என்றார்.

அந்த ஒற்றை
மொஸ்கோவில் சப்பாத்துக்குள் இருந்ததாம்.
போலந்து எல்லையில், முட்டைக்கோசு லொறியில்,
மூச்சை அடக்கிப் படுத்தவரின் நெஞ்சுக்கும்
பலகைக்கும் நடுவில் இருந்ததாம்.
சூரிச்சில் பதினொரு வருசம் கோப்பை கழுவல்.
பிறகு உண்டியல்.
கோயில் உண்டியல் இல்லை;
அங்கே ஒரு சொல், இங்கே ஒரு கட்டுக் காசு,
இடையில் எழுதாத கணக்கு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சனிக்கிழமைச் சம்பளம் பிந்தினதில்லை.

சீமெந்து குழைக்கிற நேரம்தான் அவருக்கு வாய் திறக்கும்.
பாசையூரில் வலை இழுத்தவரின் மகன்,
ரியூட்டரியில் கடைசி வாங்கு.
முன்வாங்கில் நல்லூர்ச் சிவகௌரி.
ஷெல் விழுந்து வகுப்புக் கலைந்த ஒரு பின்னேரம்
பங்கருக்குள் குந்தியிருந்து கீறினவவாம்.
"இப்பிடி ஒரு வீடு கட்டினால் வருவன்."
பகிடிக்குச் சொன்னாவோ
பயத்தில் சொன்னாவோ.
ஆவணிக்குள் ஓர் எந்திரி வந்தார்.
வீடும் வயலும் முப்பது பவுணும் எழுதிக் கொடுத்து
கலியாணம் முடிந்தது.

குடிபூரல் மூன்று இரவு.
கொழும்பிலிருந்து பாண்ட் கோஷ்டி,
பனைமரங்களுக்கெல்லாம் மின்குமிழ்ச் சட்டை.
வந்ததில் பாதிச் சனத்துக்கு
வீட்டுக்காரர் ஆரென்று தெரியாது;
நண்டுக்கறி எந்தப் பந்தலில் என்று தெரியும்.
அவர் ஒரு வாய் குடிக்கவில்லை.
ஒவ்வொரு கார் வெளிச்சத்துக்கும்
படலை மட்டும் போய்த் திரும்பினார்.

மூன்றாம் இரவு அவ வந்தா.
முழங்கால் வருத்தம். கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினா.
எந்திரி பின்னால், கைத்தொலைபேசியில்.
யன்னல் ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டினார் மரியநேசன்.
"நல்ல காத்து," என்றா.
புத்தக அறையில், "தூசி அடையும்," என்றா.
அவர் அடுத்த கதவைத் திறந்தார், அடுத்ததை,
பரீட்சைக்கு வந்த பெடியன்மாதிரி வியர்த்து.

குசினியில் நின்றா.
சுவரைத் தடவிப் பார்த்தா.
"என்ன இது, வெளிவாசல் வைக்கேல்லை?
எந்த விசரன் கீறின பிளான்?"
எந்திரி சிரித்தார்.

மரியநேசன் என்னைப் பார்த்தார்.
சேர்ட் பொக்கற்றில் பிளாஸ்ரிக் நுனி தெரிந்தது.

"நான்தான், அக்கா," என்றேன்.
"கவனிக்காமல் விட்டிட்டன்."

விடிய ஆறு மணிக்கு ஆள் அனுப்பினார்.
"உடையும்."
நான் கட்டின சுவரை நானே உடைத்தேன்.
ஓட்டைக்குள்ளால் கடல் தெரிந்தது, வற்று நேரம்,
நாற்றம் அடித்தது.
அவர் கதிரை போட்டு அதற்கு நேரே இருந்தார்,
தேத்தண்ணி ஆறும்மட்டும்.

இரண்டு கிழமையில் சூரிச்சில் ஆரோ பிடிபட்டான்.
காசு கேட்டுச் சனம் வந்தது;
நண்டு தின்ற அதே சனம்தான்.
அவர் போன இரவு
நாய்கூடக் குரைக்கவில்லை என்கிறார்கள்.

இப்போது முன்வாசலில் வங்கியின் பூட்டு.
பின்னால், பூட்டப் பலகையில்லாத அந்த இடைவெளியால்
ஆடுகள் போய் வருகின்றன.
புத்தக அறைமட்டும் ஏறுகின்றன,
புழுக்கை சாட்சி.

கதவு நிலைக்கு முற்பணம் தந்திருந்தார்.
நல்ல தேக்கு. என் கொட்டிலில் நிற்கிறது,
கட்டின கயிறும் அவிழ்க்கவில்லை.
விலைக்குக் கேட்டு இரண்டுபேர் வந்தார்கள்.
அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.